கத்தி சேகரிப்பும் வீட்டாரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடந்த 16 ஆண்டுகளாகக் கத்தி சேகரித்து வருகிறேன். மதுரையில் எங்கள் வீட்டு மர அலமாரியில் இப்போது 41 கத்திகள் இருக்கின்றன. அவற்றுள் பாதிக்கு மேல் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் மடக்குக் கத்திகள். இத்தனை ஆண்டுகளில் எஃகைப் பற்றி என்னிடம் கேட்டவர்களைவிட, "வீட்டில் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டவர்களே அதிகம். அந்தக் கேள்விகளையும், புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர்கள் தங்கள் வீட்டாரைப் பற்றிக் கேட்டவற்றையும் ஓரிடத்தில் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கத்தி சேகரிக்கிறேன் என்றதும் எல்லோருக்கும் ஏன் முகம் மாறுகிறது?

எந்தத் தமிழ் வீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் அரிவாள்மனை, காய் நறுக்கும் கத்தி இரண்டு, கொல்லைப்புறத்தில் தேங்காய் உடைக்கும் வெட்டரிவாள், பாட்டியின் பெட்டியில் ஒரு பாக்குவெட்டி என்று கூரிய இரும்புக்குக் குறைவே இல்லை. அவற்றைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உறைக்குள் சும்மா கிடக்கும் கத்திக்கு என்ன வேலை என்று தெரியாதபோதுதான் பார்ப்பவர் மனம் தானாகவே ஒரு வேலையைக் கற்பித்துக்கொள்கிறது. அந்தக் கற்பனைக்குத் தீனி போடப் பத்திரிகைகள் இருக்கின்றன: பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டிய இளைஞர்கள் கைது, பேருந்தில் கத்தியோடு பிடிபட்ட மாணவர், சூரிக்கத்தியைக் காட்டிச் செயின் பறிப்பு. காலையில் இதைப் படித்துவிட்டு மாலையில் உங்கள் பார்சலைப் பிரிக்கும் தாயார் சந்தேகப்படாமல் இருந்தால்தான் வியப்பு.

இதை அவர்களுடைய அறியாமை என்று எடுத்துக்கொள்ளும் சேகரிப்பாளர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். எஃகு வகைகளைப் பற்றி அரைமணி நேரம் விளக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். கேட்பவர் தெரிந்துகொள்ள விரும்புவது எஃகை அல்ல, உங்களை.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

சொல்வதைவிடக் காட்டுவது மேல், அதிலும் எதை முதலில் காட்டுகிறீர்கள் என்பது முக்கியம். நான் முதலில் காட்டியது ஒரு குத்துவாள். இருபுறமும் கூரான அதைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் அம்மா அந்த அலமாரிப் பக்கமே வரவில்லை. கூட்டிப் பெருக்கும்போதுகூட அந்த மூலையை விட்டுவிடுவார்.

மாற்றம் வந்தது ஒரு வைகாசி மாதத்தில். அரிவாள்மனை சாணைக்குப் போயிருந்தது, ஊறுகாய்க்கு வாங்கிய கல்லாமை மாங்காய் மூன்று கிலோ தரையில் கிடந்தது. சமையலறைக் கத்தியோடு அம்மா மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, அலமாரியிலிருந்து ஓப்பினெல் கத்தி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890 முதல் செய்யப்பட்டு வரும் உழவர் கத்தி அது. எண் 8 என்று பெயர், அலகு எட்டரை சென்டிமீட்டர், பீச் (beech) மரக் கைப்பிடி. கழுத்தில் ஓர் இரும்பு வளையம் இருக்கும். அதைத் திருப்பினால் விரித்த அலகு மடங்காமல் பூட்டிக்கொள்ளும். அம்மா அந்த வளையத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். "தாழ்ப்பாளு கணக்கா இருக்கே" என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

மூன்று கிலோவும் நறுக்கி முடித்துக் கத்தியைக் கழுவாமல் திண்ணையில் வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்துக் கலங்கிய முகத்தோடு வந்து நின்றார்: "டேய், ஒன் கத்தியக் கெடுத்துட்டேன்டா." வெள்ளையாக இருந்த அலகு நீலமும் கருப்புமாகத் திட்டுத்திட்டாக மாறியிருந்தது. அது கார்பன் எஃகு என்பதையும், மாங்காயின் புளிப்புப் பட்டால் அப்படித்தான் கறுக்கும் என்பதையும், அந்தக் கருமை படிந்த பிறகு செந்துரு சற்றுத் தாமதித்தே பிடிக்கும் என்பதையும் சொன்னேன். அம்மா அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம அரிவாமனையும் இப்படித்தான கறுத்துக் கெடக்கு" என்றார். அன்றிலிருந்து அந்தக் கத்தி சமையலறையில் இருக்கிறது. மழைக்காலத்தில் கைப்பிடி மரம் ஊறி அலகைத் திறக்க வராதபோது மட்டும் என்னிடம் வரும்.

ஆகவே, வீட்டு வேலை ஏதாவது ஒன்றைச் செய்யக்கூடிய கத்தியை முதலில் அறிமுகப்படுத்துங்கள். குத்துவாள் கடைசியில் வரட்டும்.

அப்பா எதுவுமே சொல்வதில்லை. அதைச் சம்மதம் என்று கொள்ளலாமா?

கொள்ள வேண்டாம். பேசாமல் இருப்பவரிடம் கேட்க ஏதாவது இருக்கும், அல்லது சொல்ல ஏதாவது இருக்கும். என் தந்தையார் இராமநாதபுரம் பக்கத்துப் பனங்காட்டு ஊரில் வளர்ந்தவர். ஒருமுறை நான் பனையேறிகள் பயன்படுத்தும் பாளை அரிவாள் ஒன்றை வாங்கி வந்தபோது, பத்து ஆண்டுகளாக என் சேகரிப்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதவர் அதைக் கையில் எடுத்துக் கூர்முனையை நகத்தின் மேல் வைத்துப் பார்த்தார். "இத வச்சுப் பாளை சீவ முடியாது, நார் நாராப் பிச்சுக்கிட்டு வரும்" என்றார். பிறகு, பாளையை நாள்தோறும் எப்படிச் சன்னமாகச் சீவ வேண்டும், சீவல் தடித்தால் பதநீர் சுரப்பது எப்படி நின்றுவிடும், இடுப்புக்குப் பின்னால் தொங்கும் பெட்டியில் அரிவாளை எந்தப் பக்கம் திருப்பிச் செருக வேண்டும் என்று அன்றிரவு முழுக்கப் பேசினார். அதுவரை நான் அவரிடம் எதையும் கேட்டதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சென்ற தலைமுறையினருக்குக் கத்தியோடு நம்மைவிட நெருக்கம் அதிகம். நாம் காட்சிக்கு வைப்பதை அவர்கள் கையில் பிடித்து உழைத்திருக்கிறார்கள்.

பெண் பார்க்கும் சமயத்தில் இதை மறைக்க வேண்டுமா?

முதல் சந்திப்பிலேயே அலமாரியைத் திறந்து காட்டத் தேவையில்லை; ஆனால் திருமணத்துக்கு முன்பு, மணக்கப்போகும் பெண்ணிடமோ பையனிடமோ நீங்களே சொல்லிவிட வேண்டும். முதலிரவுக்குப் பின் பரணில் இருந்து ஒரு குக்ரியை (வளைந்த அலகுடைய நேபாளக் கத்தி) கண்டெடுக்கும் மனைவிக்கு எந்த விளக்கமும் போதாது. என் மனைவியிடம் நான் முன்கூட்டியே சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "கோபம் வந்தா அத எடுப்பீங்களா?" கேலியாகக் கேட்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. கோபம் வரும் நாளில் அலமாரிச் சாவி தன்னிடம் இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அன்று முதல் இன்றுவரை சாவி அவரிடம்தான். இதில் எனக்கு எந்த மானக்குறைவும் இல்லை.

கத்தியை மணமேடைக்கே கொண்டுவரும் சமூகங்களும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. குடகில் கொடவ மணமகன் இடுப்பில் பீச்சேக்கத்தி என்னும் குத்துவாளைச் செருகியிருப்பார். மணச் சடங்கில் நட்டு வைத்த வாழைத்தண்டுகளை அகன்று வளைந்த ஒடிக்கத்தியால் வெட்டுவார்கள். அங்கே பிறந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது என்று சில நேரம் நினைத்துக்கொள்வேன்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் என்ன செய்வது?

பூட்டு வேண்டும், அதில் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் பூட்டு மட்டும் போதாது. மறைத்து வைத்த பொருளைத் தேடுவதுதான் பிள்ளைகளின் வேலை. என் மகளுக்கு எட்டு வயதானபோது, பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவக் கற்றுக்கொடுத்தேன்: அலகு எப்போதும் உடலைவிட்டு வெளிப்பக்கமாக நகர வேண்டும், கை நீளத்துக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது, கீழே விழும் கத்தியைப் பிடிக்கப் பாயக் கூடாது. மூன்றாவது விதி பெரியவர்களுக்கே மறந்துபோகும். மொட்டைக் கத்தி ஆபத்தில்லாதது என்ற எண்ணமும் தவறு. மழுங்கிய அலகை அழுத்த வேண்டியிருப்பதால் அது வழுக்கி விரலுக்கு வருகிறது.

நண்பர்கள் கேலி செய்கிறார்கள். எப்படி எடுத்துக்கொள்வது?

"என்ன மாப்ள, சம்பவமா?" என்ற கேலிக்குப் பதில் சொல்லாதிருப்பதே நல்லது. நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. நண்பர்கள் கூடினால் கத்தி கைமாறும், ஒருவர் சினிமா பாணியில் சுழற்றிப் பார்ப்பார், இன்னொருவர் அடுத்தவர் வயிற்றுக்கு நேரே நீட்டிப் படம் எடுக்கச் சொல்வார். என் வீட்டில் இதற்குக் கட்டுப்பாடு உண்டு: மடக்குக் கத்தி மடித்த நிலையில்தான் கைமாறும், நேரான கத்தி மேசையில் வைக்கப்படும், அடுத்தவர் அங்கிருந்து எடுத்துக்கொள்வார். மது பரிமாறப்படும் இடத்தில் அலமாரி திறக்கப்படாது. இதனால் இரண்டு நண்பர்கள் என்னைப் பெரிய மனிதர் போல நடந்துகொள்வதாகக் குறைப்பட்டார்கள், குறைப்படட்டும்.

குக்ரியை உறையிலிருந்து உருவினால் இரத்தம் காட்டாமல் திரும்பச் செருகக் கூடாது என்கிறார்களே?

ஆண்டுக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார். இது நேபாளத்துக்கு வெளியே பரவிய கதை. நேபாள வீடுகளில் குக்ரி விறகு பிளக்கவும், இறைச்சி வெட்டவும், காய் நறுக்கவும் நாள்தோறும் உறையிலிருந்து வெளியே வருகிறது; ஒவ்வொரு முறையும் இரத்தம் காட்ட வேண்டுமென்றால் அந்நாட்டில் யாருக்கும் விரல் மிஞ்சாது. குக்ரியின் உறையில் இரண்டு குட்டிக் கருவிகள் கூடவே இருக்கும்: கர்தா என்பது சிறு வேலைகளுக்கான கத்தி, சக்மக் என்பது கூரில்லாதது, அலகைத் தீட்டவும் கல்லில் தட்டிப் பொறி எழுப்பவும் பயன்படுவது. இந்த இரண்டையும் எடுத்துக் காட்டினால் கதை கேட்க வந்தவருடைய ஆர்வம் வேலையின் பக்கம் திரும்பிவிடுகிறது.

கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும், பரிசளித்தால் உறவு முறியும் என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

எதிர்வாதம் செய்ய வேண்டாம். வெறும் கத்திரிக்கோலை ஆட்டினாலே வீட்டில் சண்டை வரும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். கத்தியைக் கையில் கொடுக்காமல் கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லும் வழக்கத்தில் நல்ல பாதுகாப்பு விதி ஒன்று ஒளிந்திருக்கிறது. மேலே சொன்ன என் வீட்டுக் கட்டுப்பாடு அதுவேதான். பரிசு விஷயத்தில், பெறுபவர் ஒரு ரூபாய் நாணயம் கொடுத்தால் அது விலைக்கு வாங்கியதாகிவிடுகிறது. ஐரோப்பாவிலும் இப்படி நாணயம் கொடுக்கும் பழக்கம் உண்டு. பின்லாந்திலோ பூக்கோ என்னும் கத்தியைப் பரிசாகப் பெறுவதே மதிப்புக்குரியது.

நம் வழக்கங்களுக்குள்ளேயே இன்னொரு பக்கமும் இருக்கிறது. கத்தி கெட்ட சகுனம் என்று சொல்லும் அதே பாட்டிதான் பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் காவலுக்கு இரும்பு வைக்கச் சொல்வார். ஆயுத பூசையன்று அரிவாள்மனைக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. கருப்பசாமி கோவில்களில் நேர்த்திக்கடனாக வந்த அரிவாள்கள் வரிசையாக நிற்கின்றன. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்திப் பட்டறைகளில் ஆள் உயரத்துக்கும் அரிவாள் அடித்துத் தருகிறார்கள். எங்கள் வீட்டில் ஆயுத பூசையன்று 41 கத்திகளும் பலகையில் ஏறுகின்றன. என் மாமியார் அவற்றைத் தொட்டது அந்த ஒரு நாளில்தான், பொட்டு வைப்பதற்காக.

சட்டப்படி இது குற்றம் என்று உறவினர் பயமுறுத்துகிறார். உண்மையா?

வீட்டில் மடக்குக் கத்திகள் வைத்திருப்பதால் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016ஆம் ஆண்டு விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய வாள், குத்துவாள், கத்தி முதலியவை ஆயுதங்களின் ஐந்தாம் வகையில் சேர்க்கப்பட்டுள்ளன. வீட்டு உபயோகம், வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவை அதில் அடங்கா. வாள், பெரிய குத்துவாள் வாங்க விரும்புபவர்கள் வாங்குவதற்கு முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நலம். அலகு சிறியது என்பதற்காகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றலாம் என்று பொருளில்லை. கூட்டம் கூடும் இடத்துக்கோ, தடை உத்தரவு இருக்கும் பகுதிக்கோ, கோவிலுக்கோ, நீதிமன்றத்துக்கோ கத்தியோடு போகாதீர்கள். விமானத்தில் கைப்பையில் அனுமதி இல்லை. சாவிக்கொத்தில் மறந்துபோய்த் தொங்கிய சிறு சுவிஸ் கத்தியை நானே ஒருமுறை பாதுகாப்புச் சோதனையில் இழந்திருக்கிறேன்.

நூறு ஆண்டைத் தாண்டிய பழங்கத்தி என்றால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி அது தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கட்டாரி, பிச்சுவா போன்ற பழைய குத்துவாள் வகைகளின் மேல் ஆசை இருப்பவர்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்களைப் பார்த்துவிட்டு வரலாம். குடும்பத்தையும் கூட்டிச் செல்லலாம்.

பட்டறையில் அரிவாள் வாங்கும்போதும் கேள்வி வரும். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல்துறை நடத்திய பெரிய தேடுதல் நடவடிக்கையை ஒட்டி, கத்தி, அரிவாள் வாங்குபவர்களின் பெயர், முகவரியைக் குறித்துக்கொள்ளுமாறு பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் அறிவுறுத்தப்பட்டது. "எதுக்குண்ணே?" என்று பட்டறைக்காரர் கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்லுங்கள், அடையாள அட்டையைக் காட்டுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அம்மா கேட்கும் கேள்வியும், விதிகள் பார்க்கும் கணக்கும், பட்டறைக்காரர் கேட்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்: இந்தக் கத்திக்கு என்ன வேலை?

இவ்வளவு பணத்தை இரும்பில் போடுவதா என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி. விலையைக் குறைத்துச் சொல்லும் பழக்கம் சேகரிப்பாளர்களிடையே ஒரு தொற்றுநோய் போல இருக்கிறது. ஆறாயிரத்துக்கு வாங்கியதை அறுநூறு என்பார்கள். என்றாவது மனைவி அதே கத்தியை இணையத்தில் பார்ப்பார். நான் ஒரு கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு கத்திக்கும் வாங்கிய நாள், உண்மையான விலை, எஃகு, அதன் வேலை என்று நான்கு கட்டங்கள் எழுதி வருகிறேன். கடைசிக் கட்டத்தை நிரப்ப முடியாத கத்தியை வாங்குவதில்லை என்று ஒரு கட்டுப்பாடும் வைத்தேன். ஒன்பது முறை மீறியிருக்கிறேன்.

பெண் ஒருவர் கத்தி சேகரித்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்?

"தற்காப்புக்கா?" என்பார்கள். எனக்குத் தெரிந்த சேகரிப்பாளர் ஒருவருக்கு அந்தக் கேள்வியில்தான் எரிச்சல். கைப்பிடி மரங்களுக்காகவே கத்தி வாங்குபவர் அவர்.

அக்கம்பக்கத்தாருக்கும் வீட்டு உரிமையாளருக்கும் சொல்ல வேண்டுமா?

தேவையில்லை. சன்னல் பக்கம் நின்று தீட்டாதீர்கள், போதும்.

கத்தியோடு எடுத்த படங்களைப் போடலாமா?

துணி விரித்து அதன்மேல் கத்தியை வைத்து எடுத்த படத்தில் பிரச்சினை இல்லை. முகம் தெரிய, கையில் ஏந்தி, பின்னணிப் பாட்டோடு போடும் காணொளி வேறு. அதைப் பார்க்கும் காவலருக்கு உங்கள் நோட்டின் நான்காவது கட்டம் தெரியாது. உங்கள் பெற்றோர் காவல் நிலையத்து மரப்பெஞ்சில் உட்கார நேரும்.

வீட்டார் பயப்படுவது எப்போது முழுக்க நியாயம்?

வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால், தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் யாருக்காவது வந்திருந்தால், குடித்துவிட்டுச் சண்டையிடும் பழக்கம் யாருக்காவது இருந்தால் (அது நீங்களாகவே இருந்தாலும்) சேகரிப்பு அந்த வீட்டில் இருக்கக் கூடாது. இதற்கு அலமாரிப் பூட்டு போதாது. எங்கள் நெருங்கிய உறவில் ஒருவர் கடினமான காலத்தைக் கடந்தபோது, அவர் எங்களோடு தங்கியிருந்த ஏழு மாதங்கள் என் கத்திகள் அனைத்தும் ஒரு நண்பர் வீட்டில் இருந்தன. சமையலறையில் ஒரே ஒரு கத்தி, அதுவும் என் மனைவியின் பொறுப்பில். அந்த உறவினரிடம் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பிறகு அவரே ஒருநாள், "அலமாரி காலியா இருந்ததப் பாத்தேன்" என்று மட்டும் சொன்னார். இப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.

எனக்குப் பிறகு இவற்றை என்ன செய்வார்கள்?

வயதான சேகரிப்பாளர்கள் தனியாகக் கேட்கும் கேள்வி இது. எழுதி வைக்காவிட்டால் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போகும், பயந்துபோன வீட்டாராக இருந்தால் கிணற்றுக்குப் போகும். எந்தக் கத்தி யாருக்கு, எதை விற்கலாம், ஏறத்தாழ என்ன விலை கேட்கலாம், யாரிடம் கேட்பது என்பதை எழுதுங்கள். அதை வீட்டாரோடு உட்கார்ந்து எழுதுங்கள். சென்ற மார்கழியில் நானும் என் மனைவியும் அந்த நோட்டை எடுத்து ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு, யாருக்கு என்று நிரப்பத் தொடங்கினோம். குத்துவாள் விற்பனைக்கு, பாளை அரிவாள் மகளுக்கு, குக்ரி அதை வாங்கி வந்த நண்பருக்கே. ஓப்பினெல் எண் 8 வந்தபோது அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்: "அது என்னோடதுடா, ஒன் நோட்டுல ஏன் எழுதுற?" என் மனைவி அந்த வரியை அடித்துவிட்டார்.